மறு: மறு: லெஜண்ட்ஸ் கார், ‘ரெப்ளிகா’வுக்குத் தமிழ் (அவசரம்)

திரைவரி எழுதியது:

சொல்லாக்கக் குழும நண்பர்களுக்கு வணக்கம். கார் பந்தய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழில் துணைவரி (சப்டைட்டில்) எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

1992-இல் வட கரோலினாவின் சார்லட் பந்தயத் தளத்தில் லெஜண்ட்ஸ் என்ற வகைக் கார்களை அறிமுகப்படுத்தினார்கள். 1930, 40-களின் ஃபோர்டு, செவ்ரலே நிறுவனங்களின் செடான், கூப்பே வகைக் கார்கள்தான் உருவம். அளவு மட்டும் அசலில் எட்டில் ஐந்து பங்கு. மேலே ஃபைபர் கூடு, உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம், யமஹா மோட்டார்சைக்கிள் எஞ்சின். அதிகம் செலவில்லாமல் பந்தயம் ஓட்ட வேண்டும் என்று செய்தது. படத்தில் பேசுகிறவர் மூச்சுக்கு மூச்சு ‘ரெப்ளிகா’ (அசலைப் பார்த்துச் செய்தது) என்கிறார். ‘நகல்’ என்று போட்டால் ஜெராக்ஸ் கடை நினைவுக்கு வருகிறது. ‘மாதிரி’ என்றால் ஷோகேஸ் பொம்மை என்று நினைப்பார்கள். வரிக்கு 38 எழுத்துதான் இடம். கை கொடுங்கள்.

நன்னூலான்:

அன்பரே, கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு ஏன் அலைய வேண்டும்? ‘போலி’ என்று எழுதுங்கள். இல்முன் என்பது முன்றில் என்று மாறி நின்றால் இலக்கணப் போலி. பந்தல் பந்தர் ஆனால் கடைப்போலி. ஒன்றைப் போல இருப்பது போலி, அவ்வளவே. ஏமாற்று என்ற வாடை பிற்காலத்தில் ஏறியது.

பனிநாட்டான் (டொரொண்டோ):

> ஏமாற்று என்ற வாடை பிற்காலத்தில் ஏறியது.

ஏறினது ஏறினதுதானே ஐயா, இனி இறக்கேலாது. போலி டாக்டர், போலி மருந்து என்று நாள்தோறும் பேப்பரில் பார்க்கிற சனம், ‘போலி ஃபோர்டு’ என்று திரையில் வந்தால் களவெடுத்த கார் என்றுதான் நினைக்கும். நான் ‘மீளுரு’ என்பேன்.

பட்டறை (கோவை):

சொல்லைத் தேடும் முன் வண்டியைப் பாருங்கள். பானட்டைத் தூக்கினால் பழைய ஃபோர்டின் வி8 எஞ்சின் இருக்காது. முதலில் வந்த வண்டிகளில் காற்றில் குளிரும் நாலு சிலிண்டர் பைக் எஞ்சின், 1,200 சிசி ரகம். பைக்கில் செயின் பூட்டும் இடத்திலிருந்து இதில் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற நீளத் தண்டு பின்னால் ஓடி டொயோட்டா ஆக்ஸிலைச் சுற்றுகிறது. கியரும் பைக் கியர்தான், ஒவ்வொன்றாகத்தான் ஏற்றி இறக்க வேண்டும். அசலோடு ஒட்டுவது மூக்கும் முதுகும் மட்டும். பழைய காரை ஆணி ஆணியாக அப்படியே திரும்பச் செய்கிறவர்கள் வேறு கூட்டம், அவர்களுக்கு ‘மீளுரு’ பொருந்தும். இதற்கு ‘வேடக் கார்’ என்று வையுங்கள்.

நன்னூலான்:

வேடம் வடசொல். ‘மீளுரு’வோ வினைத்தொகை: மீண்ட உரு, மீள்கின்ற உரு, மீளும் உரு. கார் தானாகவா மீண்டு வந்தது? ஒருவர் மீட்டார். ‘மீட்டுருவாக்கம்’ சரி, ஏனென்றால் ‘மீட்டு’ என்ற எச்சம் உருவாக்கும் தொழிலைத் தழுவி நிற்கிறது. வெறும் ‘மீட்டுரு’ என்றால் எச்சம் அந்தரத்தில் தொங்கும். எனவே அதுவும் ஆகாது.

எட்டில் ஐந்து என்பதையும் ஏன் ஆங்கிலப் பாணியில் எழுத வேண்டும்? நம்மிடம் அரையும் உண்டு, அரைக்காலும் (எட்டில் ஒன்று) உண்டு. ‘அரையே அரைக்கால்’ என்றால் முடிந்தது. ஒன்றே கால், காலே காணி என்பது போல. பேரளவின் பின் சிற்றளவு வந்தால் இடையில் ஏகாரச் சாரியை என்று தொல்காப்பியம் அன்றே சொல்லிவிட்டது.

திரைவரி:

ஐயா, திரையில் ‘அரைக்கால்’ என்று வந்தால் பார்க்கிறவர்களுக்கு டவுசர்தான் தோன்றும்.

பட்டறை:

அந்தக் கணக்கும் கறார் இல்லை. 1937 ஃபோர்டில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 112 அங்குலம். எட்டில் ஐந்து என்றால் 70 வர வேண்டும், லெஜண்ட்ஸில் 73. அரையே அரைக்காலுக்கு மேல் கொஞ்சம் முந்திரியும் (320-இல் ஒன்று) சேர்த்துக்கொள்ளுங்கள்.

பனிநாட்டான்:

அந்த ஏமாற்று வாடை பற்றி ஒன்று. 1948-இல் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பின் முதல் சாம்பியன் ரெட் பைரன் ஓட்டினது 1939 ஃபோர்டு. அதின்ரை சொந்தக்காரர் ரேமண்ட் பார்க்ஸ் கள்ளச்சாராயத்தில் காசு பார்த்தவர். வெளியில் சாதாரண கார், உள்ளுக்குள் முறுக்கேற்றிய எஞ்சின்: போலீசுக்குத் தண்ணி காட்டத்தான் சாராயம் கடத்தினவை அந்தக் கார்களை அப்படிச் செய்தவை. அசலே வேடம் போட்ட கார்தான். பட்டறைத் தம்பி சொன்ன சொல் இப்ப எனக்கும் பிடிக்குது.

நன்னூலான்:

அப்படியானால் என் போலியும் பொருந்துமே! சரி, இன்னொன்று தருகிறேன்: ‘சிறுதேர்’. பிள்ளைத்தமிழில் சிறுதேர்ப் பருவமே உண்டு. பட்டினப்பாலையில் ‘புரவியின்று உருட்டும் முக்காற் சிறுதேர்’ வருகிறது. குதிரை இல்லாமல் ஓடுவது, பெரியதன் உருவைச் சிறிதாகக் கொண்டது. இதைவிட என்ன வேண்டும்?

பட்டறை:

மூன்று கால் என்றால் ஆட்டோ ஐயா.

பனிநாட்டான்:

சிறுதேர் வடிவான சொல். ஆனால் குழந்தை உருட்டுகிற சாமான். இது சுவரில் மோதினால் எலும்பு முறியும்.

மட்டுறுத்துநர்:

இழை நீண்டுவிட்டது. முக்காற் சிறுதேரின் மூன்றாம் சக்கரம் முன்னாலா பின்னாலா என்று தனிமடலில் நடக்கும் சண்டை தனிமடலிலேயே நடக்கட்டும். தனிமடலில் வந்ததையும் சேர்த்து இதுவரை ‘மீளுரு’வுக்கு ஐவர், ‘வேடக் கார்’ இருவர், ‘சிறுதேர்’ ஒருவர். பட்டறையின் ஆட்சேபம் நியாயமானது, ஆனால் அதற்கேற்ற சொல்லுக்குப் போதிய ஆதரவு இல்லை. இப்போதைக்கு மீளுரு.

திரைவரி:

அனைவருக்கும் நன்றி. முதல் இடத்தில் ‘பழைய செடான் உருவில் செய்த குட்டிக் கார்’ என்று விரித்து எழுதிவிட்டேன், 38-க்குள் அடங்கியது. அப்புறம் வருகிற இடமெல்லாம் ‘லெஜண்ட்ஸ் கார்’. ‘ரெப்ளிகா’ தனியாக வரும் நாலைந்து இடத்தில் ‘மீளுரு கார்’. செடான், கூப்பே அப்படியே விட்டேன். கோப்பு போய்விட்டது.

நன்னூலான்:

‘மீளுருக் கார்’. ஒற்று மிகும், திருக்கோயில் என்கிறோமே. அயற்சொல் என்பதால் மிகாது என்று சிலர் கிளம்புவார்கள், அதற்கு விதி எங்கே என்று கேளுங்கள். குழுமச் சொற்பட்டியலில் ஏற்றும்போது என் மாற்றுக் கருத்தையும் குறித்து, ‘போலி’யைப் பக்கத்தில் சேர்க்கவும்.