அப்பாரு (தாத்தா) வண்டி: எங்க வீட்டுக் குரூப்ல ஒரு ஞாயித்துக்கிழமை

காலை 9:12
நான்: பெரியப்பா, அப்பாரோட யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கு ஸ்டார்ட் ஆயிருச்சுங்க. ஆனா இழுவையே இல்ல. மேட்டுல ரெண்டாவது கியர் கேக்குது. சிலிண்டர போர் போட்டு (உள்ள கடைஞ்சு) 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாச்சு, ரிங், கிராங்க் சீல் ரெண்டும் புதுசுங்க.

பெரியப்பா: கிக்கர் முன்ன மாதிரி கெட்டியா நிக்குதா?

நான்: லேசாத்தான் போகுதுங்க.

பெரியப்பா: அப்ப கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அமுக்கற அழுத்தம்) கம்மி, கார்புரேட்டரத் தொடாத. அவுக்கறதுக்கு முன்னாடி, பிஸ்டன் உச்சியில இருந்து இறங்கறப்ப புகை போற எக்ஸாஸ்ட் போர்ட்டும் (ஓட்டை) கலவை வர்ற டிரான்ஸ்ஃபர் போர்ட்டும் எத்தன டிகிரில தொறக்குதுன்னு பாத்து எழுதச் சொன்னனே?

நான்: எழுதியிருக்கேன். எக்ஸாஸ்ட் 89, டிரான்ஸ்ஃபர் 120.

பெரியப்பா: நல்ல காரியம் பண்ணுன. ஹெட்டக் கழட்டி மறுபடி பாரு. சிலிண்டர் தூக்கிக்காம இறுக்கிக்க. உச்சியக் கண்ணால பாத்து வெக்காத. பிஸ்டன் மேல போயி கொஞ்ச டிகிரி அசையாமயே நிக்கும், ஏமாத்திரும். குறுக்க பட்டை வெச்சு, பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே முட்டற மாதிரி ஒரு போல்ட்டு இறக்கு. முன்னால சுத்தி முட்டற நம்பர், பின்னால சுத்தி முட்டற நம்பர், ரெண்டுக்கும் நட்டநடுவுதான் உச்சி. அங்க கிராங்க்ல மாட்டுன டிகிரிச் சக்கரத்துல சைபர் வெச்சுட்டு பட்டைய எடுத்துரு. பிஸ்டன் இறங்கறப்ப போர்ட்டுல முதல் வெளிச்சம் கீத்தா தெரியுமில்ல, அந்த டிகிரிய எழுது.

அக்கா: டிகிரிக்கும் இழுவைக்கும் என்னங்க பெரியப்பா சம்பந்தம்?

பெரியப்பா: இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக்குல எக்ஸாஸ்ட்டுக்கு வால்வு இல்ல கண்ணு. பிஸ்டன்தான் கதவு. கதவு சீக்கிரம் தொறந்தா அழுத்தம் வேலை செய்யறதுக்குள்ள வெளிய போயிரும். மூடறதும் அதே அளவு லேட்டாகும். இதுல ரீட் வால்வு (கலவைய உள்ள மட்டும் விடற தகட்டுக் கதவு) இருக்கறதால இன்டேக் பக்கம் கவலையில்ல.

11:35
நான்: எக்ஸாஸ்ட் 86.5, டிரான்ஸ்ஃபர் 117!

பெரியப்பா: சிலிண்டர் 1 மி.மீ. மேல நிக்குது. எக்ஸாஸ்ட் தொறந்திருக்கறது 182ல இருந்து 187 டிகிரி ஆயிருச்சு. சிலிண்டருக்கு அடியில வெக்கற பேக்கிங் யாரு வெட்டுனது?

நான்: போர் போட்ட லேத்துலயே ஷீட்ல வெட்டிக் குடுத்தாங்க.

அம்மா: பழைய பேக்கிங் தகர டப்பால கெடக்குது, கொண்டாரட்டா?

நான்: அளந்துட்டேன். பழசு 0.5 மி.மீ., புதுசு 1.5 மி.மீ.

பெரியப்பா: அதான். 50 மி.மீ. போருக்கு 1 மி.மீ. தூக்குனா மேல 2 சி.சி. எடம் கூடிப்போச்சு. ஹெட்டுக் குழிக்கு அது ரொம்ப அதிகம். கம்ப்ரஷன் செத்துப்போகும். சிலிண்டரக் கழட்டறப்ப இன்னொன்னும் பாரு. இயர்பட்ஸ் பஞ்ச போர்ட் விளிம்புல மேலயும் கீழயும் தேய்ச்சுப் பாரு.

நான்: எக்ஸாஸ்ட் மேல் விளிம்புல நூல் நூலா மாட்டுதுங்க பெரியப்பா.

பெரியப்பா: போர் போட்டா விளிம்பு கத்தியாட்டம் ஆயிரும். மழிச்சுத் தரணும், அவங்க தரல. இப்படியே ஓட்டியிருந்தா ரிங் அதுல மாட்டி ஒடஞ்சிருக்கும். எண்ணெய்க் கல்லுல பொறுமையா மழி. பஞ்சு வழுக்கணும், அவ்வளவுதான். போர்ட்ட பெருசு பண்ணிராத. அப்புறம் சோப்புத் தண்ணி போட்டு, வெள்ளைத் துணி அழுக்காகாத வரைக்கும் கழுவு. காஞ்ச உடனே 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் தடவிரு. மாட்டறப்ப பிஸ்டன் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம், ரிங் வாய் ரெண்டும் பிஸ்டன் பள்ளத்துல இருக்கற குச்சி (பின்) மேல உக்காந்திருக்கணும்.

மாலை 5:48
நான்: 0.5 பேக்கிங் போட்டாச்சு. எக்ஸாஸ்ட் 89, டிரான்ஸ்ஃபர் 120. கிக்கர் மேல ஏறி நின்னாத்தான் இறங்குது 🙏

அம்மா: சத்தத்தக் கேட்டுட்டு ஆத்தா (பாட்டி) வாசலுக்கு வந்துட்டாங்க. அப்பாரு சந்தையில இருந்து வந்துட்டாரான்னு கேக்கறாங்க.

பெரியப்பா: எங்கம்மாவ அங்கயே உக்கார வை. இன்னிக்கு யாரும் முறுக்காதீங்க, 5 நிமிசம் ஓடட்டும், ஆறட்டும், மறுபடி ஓடட்டும். காலைல நான் வர்றேன். மேட்டுல மொதல்ல நான் ஏத்தறேன்.