குழந்தை தூங்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, இல்லையா?

வேளச்சேரி அப்பா:
ஒன்பது மாதக் குழந்தைக்கு ஆயா வைத்திருக்கிறோம். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, ஞாயிறு லீவு. 15,000 கேட்டார். குழந்தை பகலில் மூன்று மணி நேரம் தூங்குகிறது. அதைக் கழித்து 10,500-க்குப் பேசி முடித்தேன். கேட்டதை அப்படியே கொடுத்துச் சம்பளத்தை ஏற்றிவிடுகிறவர்கள் யோசிக்கட்டும்.

அடையாறு செல்வி:
அந்த மூன்று மணி நேரம் அவர் தன் வீட்டுக்குப் போய் வரலாமா சார்? முடியாது இல்லையா? தூளிக் கயிற்றை விட்டதும் முழித்துக்கொள்ளும் வயது. அது அசரும் நேரத்தில்தான் பால் புட்டியைக் கொதிக்க வைப்பது, கஞ்சி காய்ச்சுவது, ஈரத்துணியை அலசிப் போடுவது எல்லாம்.

வேளச்சேரி அப்பா:
எங்கள் வீட்டில் தூளியே இல்லை, தொட்டில்தான். வீட்டு வேலைக்கு 2018-ல் அரசு நிர்ணயித்தது மணிக்கு 37 ரூபாய். நான் பத்து மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டாலும் 40 வருகிறது.

அடையாறு செல்வி:
அது குறைந்தபட்சம், அதுவும் 2018-க்கு. இன்றைக்கு அரிசி அந்த விலையிலா இருக்கிறது? இரவில் திருடன் வரவில்லை என்று வாட்ச்மேன் சம்பளத்தைப் பிடிப்பீர்களா?

தாம்பரம்வாசி:
விலைவாசியைச் சொல்லாதீர்கள். 2021-லிருந்து பெண்களுக்கு பஸ் இலவசம். அந்தக் காசு மிச்சம்தானே?

அடையாறு செல்வி:
சாதாரணக் கட்டண பஸ்ஸில்தான் இலவசம். ஊர் ஓரத்துக் கண்ணகி நகரிலிருந்து ஓர் ஆயா எட்டு மணிக்குள் வேளச்சேரி வர அந்த பஸ்ஸையே நம்பி நிற்க முடியுமா? ஷேர் ஆட்டோவுக்கு யார் கொடுப்பது? நகரத்துக்குள் இருந்தவர்களை அங்கே கொண்டுபோய்க் குடிவைத்ததே அரசுதான்.

தாம்பரம்வாசி:
ஆரம்பித்துவிட்டார். போன மாதம் தண்ணீர் லாரி விஷயத்திலும் இப்படித்தான் பாடம் நடத்தினார்.

அடையாறு செல்வி:
அன்றைக்கும் உங்களிடம் பதில் இல்லை. 2007-லிருந்து வீட்டுப் பணியாளர் நலவாரியம் இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் அதில் பதிந்திருக்கிறாரா என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

தாம்பரம்வாசி:
எங்கள் வீட்டு விஷயம் உங்களுக்கு எதற்கு மேடம்?

வேளச்சேரி அப்பா:
அவரே சம்மதித்துத்தான் வருகிறார். தூங்கும் நேரம் வேலை நேரம் இல்லை.

அடையாறு செல்வி:
கைச்செலவுக்கு இல்லாதவர் சம்மதிக்காமல் என்ன செய்வார்? உங்கள் ஆபீஸில் மீட்டிங் இல்லாத மூன்று மணி நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

வேளச்சேரி அப்பா:
என் வேலையை இழுக்காதீர்கள். 10,500 பேசியது பேசியதுதான்.