டோக்கன்னா எந்த டோக்கன்? ஏஜென்ட்டுக்குன்னு டூல் விளக்கம் எழுதுறது வேலையா, வெட்டி வேலையா?

பாம்பன்_வடகடல்:
எங்க அப்பாவுக்கும் அவரோட கூட்டாளி சம்மாட்டிங்க (படகு முதலாளிங்க) ரெண்டு பேருக்கும் ஒரு சின்ன ஏஐ ஏஜென்ட் செஞ்சு குடுத்திருக்கேன். வாட்ஸப்புல பேசிக் கேப்பாங்க. அது நான் எழுதின டூல்களை, அதாவது ஆளுக்கொரு வேலை பார்க்குற குட்டி புரோகிராம்களைக் கூப்பிட்டுப் பதில் சொல்லும். காத்து, அலை, ஐஸ் கணக்கு, படகுக்கு டோக்கன் போட்டாச்சான்னு மொத்தம் ஒன்பது டூல்.

போன வாரம் அப்பா "டோக்கன் இருக்கா பாரு"ன்னு கேட்டிருக்கார். "உங்கள் உள்நுழைவு டோக்கன் செல்லுபடியில் உள்ளது"ன்னு பதில் வந்திருக்கு. "உள்நுழைவா? அது யார் படகுடா?"ன்னு என்கிட்ட வந்து நிக்கிறார். விசைப்படகு கடலுக்குப் போக மீன்துறையில வாங்குற அனுமதிச் சீட்டைத்தான் இங்க டோக்கன்னு சொல்றோம். ராமேஸ்வரம் டீக்கடையில யாரைக் கேட்டாலும் தெரியும். ஏஜென்ட்டுக்கு மூளையா இருக்குற ஏஐ மாடலுக்கு டோக்கன்னா லாகின் சாவி. நான் எழுதியிருந்த விளக்கம் மூணே சொல்லு: "டோக்கன் நிலையைத் தரும்."

டூலோட பேரு, விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன விவரம் எந்த வடிவத்துல குடுக்கணும்ங்கிற பட்டியல்), இவ்வளவுதான் மாடல் கண்ணுல படும். உள்ளே இருக்குற கோடு படாது. 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபியிலயும் (ஏஐயையும் டூலையும் இணைக்குற பொது முறை) இதே கதைதான். அதனால கோடு எழுதுற அளவுக்கு விளக்கத்துக்கும் உழைக்கணும்னு சொல்றேன்.

தொண்டி_வல்லம்:
பேரு வச்சதுதான் தம்பி கோளாறு. "மீன்பிடி_அனுமதி_பார்"னு வச்சிருந்தா விளக்கமே வேண்டாம். மனுஷன் படிக்கவே கோடோட ஒரு ரீட்மீ, அதான் விளக்கக் குறிப்பு, எழுதாத கூட்டம் நாம. இப்ப மெஷினுக்கு மகாபாரதம் எழுதக் கிளம்பிட்டீங்க. ஆறு மாசம் கழிச்சு கோடு ஒண்ணு சொல்லும், விளக்கம் வேற சொல்லும். அதுக்குள்ள புது மாடல் வந்து எல்லாத்தையும் தானா புரிஞ்சுக்கும்.

கீழக்கரை_மேலத்தெரு:
எவ்வளவு பெரிய மாடல் வந்தாலும் சொல்லாததை எங்கேர்ந்து எடுக்கும்? திசை 270ன்னு ஒரு டூல் தருது. காத்துன்னா மேற்கேயிருந்து வருதுன்னு அர்த்தம், நம்ம கச்சான். நீரோட்டம்னா அதே 270, மேற்கே போகுதுன்னு அர்த்தம். காத்தை வர்ற பக்கத்தை வச்சும் நீரோட்டத்தைப் போற பக்கத்தை வச்சும் சொல்றது வழக்கம். ரெண்டையும் "திசை"ன்னு ஒரே பேர்ல குடுத்தா மாடல் என்ன, நானே தலைகீழாத்தான் படிப்பேன்.

தொண்டி_வல்லம்:
"காற்று_வரும்_திசை", "நீரோட்டம்_போகும்_திசை". முடிஞ்சுது. நான் சொன்னதையே திருப்பிச் சொல்றீங்க காக்கா.

பாம்பன்_வடகடல்:
சரிண்ணே, இதைக் கேளுங்க. அப்பா ஜிபிஎஸ்ஸைப் பார்த்து "ஒம்பது இருபது"ன்னு சொன்னார். அது 9 டிகிரி 20 மினிட். ஏஜென்ட் 9.20ன்னு டூலுக்குக் குடுத்திருச்சு. 9.20ன்னா 9 டிகிரி 12 மினிட்தான். எட்டு மினிட்னா எட்டு கடல் மைல், 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. வடகடல்ல நிக்கிற படகுக்குத் தென்கடல் காத்தைச் சொல்லுது! வாடைக்காலத்துல வடக்கே கொந்தளிச்சுக் கிடக்கும், தெக்கே அமைதியா இருக்கும். எரரும் வராது, 9.20 சரியான எண்தானே.

தொண்டி_வல்லம்:
அப்ப டிகிரிக்கு ஒரு ஃபீல்டு, மினிட்டுக்கு ஒரு ஃபீல்டுன்னு ஸ்கீமாவுலயே கேளு. தப்பு பண்ண முடியாதபடி டூலைச் செய்யணும். "தப்பு பண்ணாதே"ன்னு பக்கத்துல போர்டு எழுதி வச்சா வேலைக்கு ஆகாது.

மண்டபம்_முகாம்:
நான் ஒரு டூலுக்கு ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதிப் பட்டவள். பொதுவா இந்த விளக்கமெல்லாம் ஒவ்வொரு தடவையும் மாடலுக்குப் போகுது, காசு எகிறுது. அவ்வளவு எழுதியும் முக்கியமான வரி நடுவுல புதைஞ்சு போச்சு. டூல் எப்படி வேலை செய்யுதுன்னு எழுதினதை எல்லாம் வெட்டினேன். எப்பக் கூப்பிடணும், எப்பக் கூப்பிடக் கூடாது, வெறுமையா வந்தா என்ன அர்த்தம்னு மட்டும் வச்சேன். அதுக்கப்புறம்தான் ஒழுங்கா ஓடுது. தொண்டி அண்ணன் சொல்ற ஸ்கீமா வேலையும் வேணும்தான். ஆனா "எப்பக் கூடாது"ங்கிறதை எந்த ஃபீல்டு பேர்ல வைப்பீங்க?

பாம்பன்_வடகடல்:
அக்கா, "வெறுமையா வந்தா"ன்னு சொன்னீங்களே, அதுலயும் அடி வாங்கியாச்சு. மே மாசம் அனுமதிப் பட்டியல் காலியா வந்துச்சு, மீன்பிடித் தடைக்காலம். ஏஜென்ட் "உங்கள் படகு பதிவில் இல்லை"ன்னு சொல்ல, அப்பா அன்னைக்கு முழுக்கச் சோறு சரியா தின்னலை. இப்ப பேரை மாத்தி இப்படி எழுதியிருக்கேன், பாருங்க:

"மீன்பிடி_அனுமதி_பார்: விசைப்படகுக்கு அன்றைய கடல் அனுமதி (ஊரில் டோக்கன் என்பார்கள்) தரப்பட்டதா எனச் சொல்லும். லாகின் சம்பந்தப்பட்டது அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது பட்டியல் காலியாகவே வரும், படகு பதிவில் இல்லை என்று பொருள் கொள்ளாதே."

தொண்டி_வல்லம்:
தடைக்காலம் நாட்டுப்படகுக்குக் கிடையாதே, அது எங்க? மே மாசம் என் வல்லத்தைப் பத்திக் கேட்டா "தடைக்காலம், போகாதே"ன்னு சொல்லிரும். நாட்டுப்படகுன்னா இந்த டூலையே கூப்பிடாதேன்னு ஒரு வரி போடு.

பாம்பன்_வடகடல்:
அட ஆமாண்ணே. போட்டுட்டேன்.

கீழக்கரை_மேலத்தெரு:
விளக்கமே வேண்டாம்னவர் இப்ப வரி சொல்லிக் குடுக்கிறார் 😄

தொண்டி_வல்லம்:
ஒரு வரிதான் காக்கா. ஒன்றரைப் பக்கம் இல்ல.