ஒரே மெயில் சர்வரில் இரண்டாவது டொமைன்: ஹோஸ்ட்நேமை என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே. வாடகை விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்றில் டெபியன் லினக்ஸ், மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல்பெட்டியைப் படிக்கத் தரும் டவ்காட் போட்டு எங்கள் ஊர் நூலகத்தின் மெயிலை நடத்தி வருகிறேன். மைஹோஸ்ட்நேம் (போஸ்ட்ஃபிக்ஸில் சர்வரின் பெயர்), ஏ ரெக்கார்டு (பெயரிலிருந்து ஐபிக்கு), பிடிஆர் (ஐபியிலிருந்து பெயருக்கு) மூன்றிலும் 'மெயில்' என்று தொடங்கும் ஒரே பெயர்தான். அனுப்புநரைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம் சோதனைகள் இரண்டும் தேறுகின்றன.

இப்போது வாசகர் வட்டத்தின் டொமைனையும் இதே ஐபியில் சேர்க்க வேண்டும். ஐபிக்கு ஒரு பிடிஆர் போதும் என்பதால், புது டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் பழைய ஹோஸ்ட்நேமுக்கே காட்டப் போகிறேன். போலி மெயிலைத் தடுக்கும் டிமார்க் பார்ப்பது அனுப்புநர் முகவரியின் டொமைனைத்தான், ஹோஸ்ட்நேமை அல்ல. அதனால் இதில் சிக்கல் வராது என்றே நினைக்கிறேன். புது டொமைனை மைடெஸ்டினேஷனில் (சர்வரின் சொந்தப் பயனர்களுக்கான டொமைன் பட்டியல்) போடாமல் விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்களில் (சர்வரில் கணக்கு இல்லாதவர்களின் அஞ்சல்பெட்டிகளுக்கான பட்டியல்) மட்டும் சேர்ப்பேன். சரிதானே?

குழப்பம் சர்வரின் பெயரை உறுதிசெய்யும் டிஎல்எஸ் சான்றிதழில்தான். வட்டத்தில் பலர் வயதானவர்கள். தண்டர்பேர்டு மெயில் செயலியில் சர்வர் பெயராகத் தங்கள் டொமைனையே போடுவார்கள். உடனே பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வரும், பயந்துவிடுவார்கள். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் ஒன்றிலேயே இரண்டு பெயர்களையும் சேர்க்கலாமா? இல்லை, போஸ்ட்ஃபிக்ஸ் 3.4 முதல் வரும் எஸ்என்ஐ வசதியில் (கேட்கும் பெயருக்கேற்ற சான்றிதழைத் தருவது) தனித்தனியாக வைப்பது நல்லதா? அப்புறம், புதுப்பித்தலின்போது எது தொல்லை குறைவு? இப்படி நடத்துபவர்கள் தயவுசெய்து உங்கள் அமைப்பைச் சொல்லுங்கள்.