கேரளாவில் குற்றம் ஐந்து மடங்கா? இந்த அட்டவணையை எப்படிப் படிப்பது?

பீளமேட்டுக்காரன்:
மகளுக்குக் கொச்சியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்த நேரத்தில் என் மச்சினன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "மாமா, இதைப் பார்த்த பிறகுமா பிள்ளையை அனுப்புறீங்க?" என்கிறான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2016 கணக்கு அது. லட்சம் பேருக்கு இ.பி.கோ. வழக்குகள் கேரளாவில் 727.6, உத்தரப் பிரதேசத்தில் 128.7. மூல அறிக்கையைத் திறந்து சரிபார்த்தேன், எண் சரிதான். நான் பம்ப்செட் வியாபாரி. கணக்கு வழக்கு தெரியும், போலீஸ் சமாசாரம் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு_ரைட்டர்:
சார், நான் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த அட்டவணையில் ஏறுவது எஃப்.ஐ.ஆர். மட்டும்தான். குற்றம் நடந்தும் எஃப்.ஐ.ஆர். ஆகாதது டெல்லிக்குப் போகவே போகாது.

பஸ்ஸில் ஒருவருடைய போனை அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு வருகிறார். முதல் கேள்வி: "எடுத்ததை நீங்க பாத்தீங்களா?" பார்த்திருந்தால் விட்டிருப்பாரா? இல்லை என்கிறார். "அப்ப காணாமல் போனதுன்னு எழுதிக் குடுங்க." எழுதித் தருகிறார். சி.எஸ்.ஆர். என்கிற மனுப் பதிவேட்டில் ஏற்றி, மனு ரசீது கொடுத்தாகிவிட்டது. அவருக்கு வேண்டியது பழைய நம்பரில் புது சிம். அதற்கு இந்த ரசீதே போதும் என்று கிளம்பிவிடுவார். ஒரு திருட்டு இப்படித்தான் தொலைந்து போகிறது.

ஸ்டேஷனுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் கோர்ட்டுக்குப் போக வேண்டும், கேஸ் கட்டு திறக்க வேண்டும். மாதாந்திர க்ரைம் மீட்டிங்கில் "எத்தனை திருட்டு, எத்தனை கண்டுபிடித்தாய், போன வருஷம் இதே மாதம் எத்தனை?" என்று நிற்க வைத்துக் கேட்பார்கள். கண்டுபிடிக்க வழியில்லாத ஐநூறு போன் கேஸை எந்த இன்ஸ்பெக்டர் தலையில் ஏற்றிக்கொள்வார்? பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் அப்படி, மீட்டிங் இப்படி.

பைக் திருட்டு வேறு கதை. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ்காரன் பணம் தர மாட்டான், அதனால் ஆள் விடாமல் வந்து நிற்பார். அந்த எண் ஓரளவு நிஜம். கொலையும் அப்படித்தான், பிணத்துக்கு மனு ரசீது கொடுத்து அனுப்ப முடியாது. அதே 2016 அறிக்கையில் கொலையைப் பாருங்கள்: கேரளாவில் 305, உ.பி.யில் 4,889. லட்சம் பேருக்கு 0.9, 2.2. உங்கள் மச்சினன் அனுப்பிய படம் அங்கேயே தலைகீழாகிவிடுகிறது.

கேரளாவில் எண் ஏறுவதற்குக் காரணம், அங்கே ஜனங்கள் புகார் கொடுக்கிறார்கள், ஸ்டேஷனும் பதிகிறது. தாறுமாறாக வண்டி ஓட்டிய வழக்குகளும் அந்தக் கூட்டலில் ஏராளம்.

அவிநாசி_செல்வம்:
ரைட்டர் சார், அப்படியென்றால் 2020-இல் நாட்டிலேயே அதிக வழக்கு தமிழ்நாட்டில் என்று வந்ததே? அந்த வருஷம் நம் ஸ்டேஷன்கள் திடீரென்று நேர்மையாகிவிட்டனவா?

ஓய்வு_ரைட்டர்:
நல்ல குத்து. அது ஊரடங்கு வருஷம், தம்பி. வெளியே வந்தவன் மேலெல்லாம், அரசு உத்தரவை மீறியதாக இ.பி.கோ. 188-ஆவது பிரிவில் கேஸ் போட்டோம். நாடு முழுக்க மொத்த வழக்கு 28 சதவீதம் ஏறி 66 லட்சமானது. அதே வருஷம் திருட்டு, கொள்ளை, பெண்கள் மீதான குற்றம் எல்லாம் இறங்கியிருந்தன. டெல்லியில் 2013-இல் 80 ஆயிரம் சொச்சம் இருந்த இ.பி.கோ. வழக்கு, அடுத்த வருஷமே ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. ஒரே வருஷத்தில் திருடன் இரட்டிப்பாகவில்லை, தட்டிக்கழிக்காமல் பதிந்தார்கள்.

இன்னொன்று: ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் பெரிய குற்றமான கொலை மட்டும்தான் கணக்கு. கொள்ளை காணாமல் போய்விடும்.

மல்லிகா_களப்பணி:
நான் தேசியக் குடும்ப நல ஆய்வுக்கு வீடு வீடாகப் போனவள். ஸ்டேஷனுக்குப் போகாமல் ஆளிடமே கேட்டால் என்ன வரும் என்பதற்கு ஓர் உதாரணம். 2019-21 ஆய்வில் கணவனால் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் தமிழ்நாட்டில் 38 சதவீதம், கேரளாவில் 10-க்கும் சற்றுக் கீழே. ஆனால் கணவர், கணவர் வீட்டார் கொடுமைக்குப் போடுகிற இ.பி.கோ. 498ஏ வழக்கு? மக்கள்தொகை நம்மில் பாதிகூட இல்லாத கேரளாவில்தான் அதிகம். இங்கே மகளிர் காவல் நிலையத்தில் "பேசி அனுப்புவது" எத்தனை என்று ரைட்டர் ஐயாவுக்கே தெரியும்.

"கொடுமை செய்தாரா?" என்று கேட்டால் எந்தப் பெண்ணும் இல்லை என்றுதான் சொல்வாள். அதனால் அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் இந்தப் பகுதி. தனியாக இருக்க வேண்டும். மாமியார் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே வந்தால் சட்டென்று வேறு கேள்விக்குத் தாவிவிடுவோம். தனிமை கிடைக்கவே இல்லையென்றால் அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். வாய் திறக்காதவர்கள் அப்படியும் இருப்பார்கள், ஆகவே 38 என்பதையும் குறைந்தபட்சமாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன். நாடு முழுக்க, அடிபட்டவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான்.

பீளமேட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. திருட்டு, வழிப்பறிக்கும் இப்படி வீடு வீடாகக் கேட்ட கணக்கு இல்லையா, அம்மா?

மல்லிகா_களப்பணி:
தொடர்ச்சியாக இல்லை சார். 2017-இல் ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கேட்டது. இங்கிலாந்தில் இப்படி வீடு வீடாகக் கேட்கும் ஆய்வை 1982-இல் தொடங்கி இன்னும் நடத்துகிறார்கள். அங்கே 2014-இல் போலீஸ் பதிவுக் கணக்குக்கு இருந்த "தேசியப் புள்ளிவிவரம்" என்ற தகுதியையே ரத்து செய்தார்கள். ஆய்வுக்கும் ஓட்டை உண்டு. கொலையானவரிடம் கேட்க முடியாது. சிறையிலும் விடுதியிலும் இருப்பவர்கள் வீட்டுப் பட்டியலில் வர மாட்டார்கள்.

ஓய்வு_ரைட்டர்:
மாநில அட்டவணையை மூடுங்கள் சார். 20 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள 19 நகரங்களுக்குத் தனி அட்டவணை இருக்கிறது, கோயம்புத்தூரும் கொச்சியும் அதில் உண்டு. கொலை, வாகனத் திருட்டு இரண்டையும் நாலைந்து வருஷத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எண்ணிக்கையைப் பாருங்கள், வீதத்தை அப்படியே நம்பாதீர்கள். நகரங்களுக்கு இன்னமும் 2011 ஜனத்தொகையால்தான் வகுக்கிறார்கள். வேகமாக வளர்ந்த ஊர் எதுவானாலும் உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.