ஐந்து முறை வடித்த வோட்காவும் ஆல்பேட்டை செக்போஸ்ட்டும்

கெடிலக்கரை:
புதுவைக்காரரான சொல்தா பேரன் நேற்று ஒரு பதிவு போட்டிருந்தார். பாரிஸிலிருந்து அவர் மாமா கொண்டுவந்த சிரோக் வோட்காவைப் பற்றி. "ஐந்து முறை வடித்தது. அதனால்தான் அந்த விலை, அதனால்தான் காலையில் தலைவலி இல்லை. டாஸ்மாக்கில் வாங்கிக் குடிக்கும் கடலூர்க்காரர்களுக்கு இது புரியாது" என்று முடித்திருந்தார். அந்தக் கடைசி வரி இல்லையென்றால் நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

ஐயா, நான் கடலூர் சிப்காட்டில் டிஸ்டிலேஷன் கோபுரம் ஓட்டுகிறவன். ஐந்து முறை என்றால் எந்த ஐந்து? கோபுரத்துக்குள் ஆவி மேலே ஏறும்போது ஒவ்வொரு தட்டிலும் குளிர்ந்து, மறுபடி கொதித்து, அடுத்த தட்டுக்குப் போகிறது. தட்டுக்கு ஒன்று என்று எண்ணினால் லேபிளில் ஐம்பது என்றுகூடப் போடலாம். கோபுரத்துக்கு ஒன்று என்றால் வேறு கணக்கு. யார் எண்ணியது, எதை எண்ணியது?

சொல்தா பேரன்:
வந்துவிட்டார் விஞ்ஞானி. அண்ணே, செய்கிறவன் ஐந்து என்கிறான். ஐந்தாவது தடவை செம்புக் கொப்பரையில் வடிக்கிறான். யூனி பிளாங்க், மோசாக் என்று இரண்டு திராட்சை. நீங்கள் ஓட்டுகிற கோபுரத்தில் பூச்சிமருந்துக்குச் சாமான் வடிப்பீர்கள். அதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள்.

கெடிலக்கரை:
பூச்சிமருந்தோ பன்னீரோ, கோபுரத்துக்குத் தெரியாது தம்பி. ஆல்கஹாலும் தண்ணீரும் எடைக்கு எடை ஏறக்குறைய 95.6 சதவீதத்தில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண அழுத்தத்தில் அதற்கு மேல் நூறு தடவை வடித்தாலும் தண்ணீர் பிரியாது. ஐரோப்பாவில் வோட்காவுக்கான ஸ்பிரிட் கிட்டத்தட்ட அந்த அளவு வரைக்கும் போயாக வேண்டும், மலிவானதும்தான், உங்கள் மாமா வாங்கியதும்தான். பிறகு எல்லோரும் தண்ணீர் ஊற்றி கன அளவில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு இறக்குகிறார்கள். இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை: எந்த ஐந்து?

வைசியாள் வீதி:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். திராட்சையில் செய்ததை வோட்கா என்று சொல்லலாமா என்பதே ஐரோப்பாவில் பெரிய சண்டையாக இருந்தது. போலந்து, பின்லாந்து, ஸ்வீடன் எல்லாம் தானியம், உருளைக்கிழங்கு தவிர வேறு கூடாது என்றார்கள். கடைசியில் 2008 சட்டத்தில், வேறு எதில் செய்தாலும் அதை லேபிளில் போட வேண்டும் என்று முடித்தார்கள். எதை வோட்கா என்கிறோம் என்று தீர்மானித்துவிட்டு அப்புறம் தரத்தைப் பேசலாமே?

சொல்தா பேரன்:
அதெல்லாம் பிறகு. அண்ணன் ஐந்தை மறுக்கிறார், அதைப் பேசுவோம். ஐந்து ஐந்துதான்.

கெடிலக்கரை:
ஐந்தை நான் மறுக்கவில்லை. எதை எண்ணினார்கள் என்று கேட்கிறேன். இதுவரை பதில் செம்புக் கொப்பரைதான். கொப்பரையில் காய்ச்சினால் வாசனை தங்கும், தூய்மை கூடாது. தூய்மைக்காக நான்கு முறை வடித்துவிட்டு, கடைசி முறை வாசனைக்காகக் கொப்பரைக்கு வருகிறான். அப்படியானால் அந்த எண்ணிக்கை எதைக் காட்டுகிறது, தூய்மையையா, வாசனையையா?

முதுநகர் துறைமுகம்:
நமக்கு எதற்கு இந்த ஐந்து கணக்கு? 2005இல் நியூயார்க் டைம்ஸ் சுவைக்குழு பெயரை மறைத்து இருபதுக்கும் மேல் வோட்கா குடித்துப் பார்த்தது. விலை உயர்ந்த பிரெஞ்சுச் சரக்கும் வரிசையில் இருந்தது. முதலில் வந்தது ஸ்மிர்னாஃப். அப்புறம் ஒரு சேதி, ஸ்மிர்னாஃப்பும் சிரோக்கும் டியாஜியோ என்ற ஒரே கம்பெனி வீட்டுப் பிள்ளைகள். 😀

சொல்தா பேரன்:
அமெரிக்கக்காரன் நாக்கை வைத்து பிரான்ஸ் சரக்கை அளக்கிறீர்களா? நல்லது. எங்கள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். கொன்யாக், அர்மான்யாக் என்ற இரண்டு பிரெஞ்சு பிராந்திக்கும் வித்தியாசம் தெரிந்த வீடு எங்கள் வீடு.

கெடிலக்கரை:
தாத்தா பட்டாளத்தில் இருந்தால் பேரன் நாக்குக்கு பென்ஷன் வருமா? பிரான்ஸ், பிரான்ஸ் என்கிறீர்களே, உங்கள் புரொபைல் படத்தில் சிரோக்குக்குப் பக்கத்தில் நிற்கும் கிரே கூஸ் பிரான்சில் வடித்ததுதான். ஆனால் யோசனை சிட்னி ஃபிராங்க் என்ற அமெரிக்க வியாபாரியுடையது, 1997இல் அமெரிக்கச் சந்தைக்காக. விலையை வேண்டுமென்றே மற்றவர்களைவிட உயர்த்தி வைத்தார். 2004இல் இரண்டு பில்லியன் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பக்கார்டிக்கு விற்றுவிட்டார். விலைதான் அங்கே சரக்கு. அதை விடுங்கள். எந்த ஐந்து?

பாகூர் ஏரி:
தலைவலி விஷயத்தில் பேரன் சொல்வதில் கொஞ்சம் இருக்கிறது. போர்பன் விஸ்கி, பிராந்தியில் ஆல்கஹாலோடு வந்து தலைவலியைக் கூட்டும் உபபொருள்கள் வோட்காவில் குறைவு.

கெடிலக்கரை:
எந்த வோட்காவிலும் குறைவு. ஐந்து முறைக்கு அதில் பங்கு என்ன? அவர் அன்றைக்கு அளவாகக் குடித்திருப்பார். விலை உயர்ந்த பாட்டில் என்றால் எல்லோரும் மூடியில் ஊற்றிக் குடிப்பார்கள்.

சொல்தா பேரன்:
என் அளவைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். போன வருஷம் ரம் பற்றிய பேச்சில் உங்கள் அளவை எல்லோரும் பார்த்தோம். நடுராத்திரியில் எட்டுப் பதிவு, எல்லாவற்றிலும் எழுத்துப்பிழை.

கெடிலக்கரை:
அது ஆட்டோ கரெக்ட். அந்தப் பேச்சிலும் என் கேள்விக்குப் பதில் வராமல்தான் இருந்தது, இப்போது மாதிரியே.

ஆல்பேட்டைக்காரன்:
எனக்கு ஒரே சந்தேகம். மாமா பாரிஸிலிருந்து புதுவைக்குக் கொண்டுவந்தார், சரி. நேற்றைய படத்தில் பாட்டிலுக்குப் பின்னால் தெரிவது கடலூர் சில்வர் பீச். புதுவைச் சரக்கைப் பிடிக்கிற ஆல்பேட்டை செக்போஸ்ட்டை பாட்டில் எப்படித் தாண்டியது? 🤔

சொல்தா பேரன்:
அது எங்கள் புதுவை வீராம்பட்டினம்.

ஆல்பேட்டைக்காரன்:
வீராம்பட்டினத்தில் எப்போது கலங்கரை விளக்கம் வந்தது?

முதுநகர் துறைமுகம்:
😂😂

வைசியாள் வீதி:
சட்ட விஷயத்தைப் பொதுவில் பேசாதீர்கள். பதிவை நீக்கிவிடுவார்கள். நான் கேட்டதற்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சொல்தா பேரன்:
கடலூர்க்காரர்களுக்குப் புதுவை மேல் எப்போதும் எரிச்சல்தான். வாரக் கடைசியில் முள்ளோடை ஒயின்ஷாப் வாசலில் நிற்கிற வண்டிகளின் நம்பரைப் பாருங்கள். எல்லாம் டிஎன் 31.

கெடிலக்கரை:
வருகிறோம், காசு கொடுக்கிறோம். உங்கள் ஊர் வரி குறைவு, அதனால் வருகிறோம். நாக்குக்காக யாரும் வரவில்லை.

சொல்தா பேரன்:
1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து உங்கள் ஊர் செயின்ட் டேவிட் கோட்டையை இங்கிலீஷ்காரனிடமிருந்து பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? ஜூன் 2. அன்றைக்கே பாடம் படித்திருக்க வேண்டும்.

கெடிலக்கரை:
1761 ஜனவரியில் அதே லாலி புதுச்சேரியை இங்கிலீஷ்காரனிடம் கொடுத்துவிட்டுக் கைதியாகப் போனார். புதுச்சேரிக் கோட்டையையும் இங்கிலீஷ்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். பிறகு பாரிஸில் பிரெஞ்சுக்காரர்களே லாலியின் தலையை வாங்கினார்கள். அவரைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறீர்கள்.

பாகூர் ஏரி:
வோட்கா பேச்சு வோட்காவோடு இருக்கட்டுமே.

சொல்தா பேரன்:
அண்ணன் பேசவிட்டால்தானே. இங்கே இருக்கிற பதிவில் பாதி அவருடையது.

கெடிலக்கரை:
எண்ணிவிட்டீர்களா? பதிவை எண்ணத் தெரிகிறது.

ஆல்பேட்டைக்காரன்:
பேரன், அந்தப் படத்தை இப்போது எடுத்துவிட்டீர்களே. ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.