சுரம் உயர உயர ஒலியின் வேகம் குறைகிறது: என் அளவீட்டில் எங்கே பிழை?

நீர்மட்டம் (கேள்வி)

வணக்கம். ஒத்ததிர்வுக் குழாயை வைத்துக் காற்றில் ஒலியின் வேகத்தை அளக்கிறேன். மூன்று நாளாக ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டேன்.

குழாய் ஒரு மீட்டர் நீளம், உள்விட்டம் 4 செ.மீ. அடியில் நீர் இருக்கிறது, மட்டத்தை ஏற்றி இறக்கலாம். குழாயின் வாய்க்கு மேலே கைபேசியைப் பிடித்து ஒற்றைச் சுரத்தை ஒலிக்கவிடுகிறேன். நீரை மெல்ல இறக்கும்போது ஓரிடத்தில் சத்தம் திடீரென்று கனத்து எழும், அதுதான் ஒத்ததிர்வு. அங்கே நீருக்கு மேலே உள்ள காற்றின் நீளம்தான் அலைநீளத்தில் கால் பங்கு என்று படித்தேன். அதை 4-ஆலும் அதிர்வெண்ணாலும் பெருக்கினேன்.

256 ஹெர்ட்ஸ்: 32.8 செ.மீ., வேகம் 335.9 மீ/வி
512 ஹெர்ட்ஸ்: 15.8 செ.மீ., வேகம் 323.6 மீ/வி
1024 ஹெர்ட்ஸ்: 7.3 செ.மீ., வேகம் 299.0 மீ/வி

அறையில் 27 டிகிரி செல்சியஸ். ஏறக்குறைய 347 வர வேண்டும். ஒவ்வொன்றையும் பத்து முறை அளந்துவிட்டேன், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாறவில்லை. கண்ணாடிக்குள் ஊதா ஒளி சிவப்பைவிட மெதுவாகப் போவதுபோல, ஒலியிலும் உயர்ந்த சுரம் மெதுவாகப் போகுமா?

தெர்மாமீட்டர்

முதலில் வெப்பநிலையைச் சரிபாருங்கள். ஒலியின் வேகம் 0 டிகிரியில் 331 மீ/வி, அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 கூடும். நீர் பக்கத்திலேயே இருப்பதால் குழாய்க்குள் ஈரப்பதமும் அதிகமாக இருக்கும்.

பட்டகம்

வெப்பநிலையாக இருக்க முடியாது நண்பரே. 299 மீ/வி வர வேண்டுமானால் காற்று −50 டிகிரிக்குப் போக வேண்டும், அதற்கு முன்பே குழாயில் உள்ள நீர் உறைந்துவிடும். ஈரப்பதம் ஒலியின் வேகத்தைச் சற்றுக் கூட்டும், குறைக்காது. அதோடு மூன்று அளவும் ஒரே அறையில், ஒரே காற்றில் எடுத்தவை.

நிறப்பிரிகை பற்றி, அதாவது நிறத்துக்கு நிறம் ஒளியின் வேகம் மாறுவது பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெற்றிடத்தில் எல்லா நிறமும் ஒரே வேகம்தான், நொடிக்கு 29,97,92,458 மீட்டர். கண்ணாடிக்குள் போனால் ஒளியின் அதிர்வு அங்குள்ள எலெக்ட்ரான்களை ஆட்டுகிறது. அவற்றின் இயல்பான அதிர்வெண் புற ஊதாப் பகுதியில் இருப்பதால், அதற்கு அருகில் உள்ள ஊதா ஒளிக்குத் தாக்கம் கூடுதல். சாதாரணக் கண்ணாடியில் ஒளிவிலகல் எண் சிவப்புக்குச் சுமார் 1.51, ஊதாவுக்குச் சுமார் 1.53. பட்டகத்தில் நாம் பார்க்கும் அத்தனை நிறங்களும் இந்த ஒரு சதவீதச் சொச்சத்திலிருந்து வருபவை. உங்கள் கணக்கிலோ 11 சதவீதம் சரிகிறது.

காற்றில் ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பவை காற்றின் மீள்தன்மையும் அடர்த்தியும். நம் காதுக்கு எட்டும் சுரங்களுக்கு இந்த இரண்டும் மாறுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். தொலைவில் நடக்கும் கச்சேரியைக் கேட்டுப் பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பி ஓசையும் ஜால்ராவின் ஒலியும் சேர்ந்தே வருகின்றன. உங்கள் எண்கள் உண்மையாக இருந்தால் 300 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, சேர்ந்து எழுந்த இரண்டு ஓசைகளில் தாழ்ந்தது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முந்தி வரும். தாளமே சிதறிவிடும்.

ஆக, பிழை காற்றில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. என்ன பிழை என்று யாராவது பிடியுங்கள்.

எதிர்க்கணு

பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். நீர்மட்டம், உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. வேகம் 347 என்று வைத்துக்கொண்டு கால் அலைநீளத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 33.9, 16.9, 8.5 செ.மீ. என்று வரும். நீங்கள் அளந்தவை 32.8, 15.8, 7.3. மூன்றிலும் குறைவது ஏறக்குறைய ஒரே அளவு, ஒரு சென்டிமீட்டரும் சொச்சமும். 33 செ.மீ.யில் அது சிறு துண்டு, 8 செ.மீ.யில் பெரிய துண்டு. அதனால்தான் சுரம் உயர உயர வேகம் குறைவதுபோலத் தெரிகிறது.

இதற்குப் பெயர் முனைத்திருத்தம். நீர்ப்பரப்பில் காற்று அசைய முடியாது, அது கணு. திறந்த வாயில் எதிர்க்கணு, அதாவது காற்று மிக அதிகமாக அசையும் இடம், என்று பாடத்தில் வரைந்திருப்பார்கள். ஆனால் குழாயின் விளிம்பு அலைக்கு ஒரு சுவர் அல்ல. வாயருகே ஆடும் காற்று வெளியே உள்ள கொஞ்சம் காற்றையும் சேர்த்து ஆட்டுகிறது. அழுத்த வேறுபாடு விளிம்பிலேயே முடிந்துவிடாமல் சற்று வெளியே போய்த்தான் அடங்குகிறது. அதனால் அலையைப் பொறுத்தவரை குழாய் நீங்கள் அளந்ததைவிட நீளமானது. எவ்வளவு என்றால், விட்டத்தில் ஏறத்தாழ 0.3 மடங்கு. இதைக் கோட்பாட்டளவில் துல்லியமாகக் கணக்கிட்டவர்கள் லெவின், ஷ்விங்கர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், 1948-இல். 4 செ.மீ. விட்டத்துக்கு 1.2 செ.மீ. வரும்.

என் சூத்திரத்தை நம்பிக் கூட்டிவிடாதீர்கள். நீரை இன்னும் இறக்கி இரண்டாவது ஒத்ததிர்வைப் பிடியுங்கள். அது முக்கால் அலைநீளம். இரண்டையும் கழித்தால் அரை அலைநீளம் கிடைக்கும், முனைத்திருத்தம் தானாகவே அடிபட்டுப் போகும். இன்னொன்று, கைபேசியை வாய்க்கு மிக நெருக்கமாகப் பிடிக்க வேண்டாம். வாய் பாதி மூடியதுபோல் ஆனால் திருத்தத்தின் அளவும் மாறிவிடும்.

நீர்மட்டம்

எதிர்க்கணு, பட்டகம் இருவருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் அளந்து முடித்தேன்.

512-க்கு இரண்டாவது ஒத்ததிர்வு 49.7 செ.மீ. வித்தியாசம் 33.9, வேகம் 347.1. அப்புறம் 1024-க்கு 24.3 செ.மீ., வித்தியாசம் 17.0, வேகம் 348.2! 256-க்கு இரண்டாவது கிடைக்கவில்லை. கணக்குப்படி 100.7 செ.மீ. வர வேண்டும், என் குழாய் ஒரு மீட்டர்தான்.

ஒரு சந்தேகம். திருத்தம் விட்டத்தைப் பொறுத்தது என்றால், 2 செ.மீ. குழாயில் அது பாதியாகத்தானே இருக்க வேண்டும்?

எதிர்க்கணு

ஆமாம், 0.6 செ.மீ. இருக்க வேண்டும். அளப்பதற்கு முன்பே எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 512 ஹெர்ட்ஸுக்கு முதல் ஒத்ததிர்வு 16.4 செ.மீ.

நீர்மட்டம்

2 செ.மீ. குழாய் கிடைத்தது. ஐந்து முறை அளந்தேன். நான்கு முறை 16.4, ஒரு முறை 16.3.